அறுபத்திரண்டு புள்ளி நான்கு

கடல் கல்லாகிக் கிடந்த ஜனவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு பாகை.
போத்னியா வளைகுடாவின் விளிம்பில்
எங்கள் ஆறு எரிவாயுக் கோளங்கள்.
மூன்றாவதற்கு ரயில் டாங்கர்களிலிருந்து
நள்ளிரவு முதல் புரோபேன் ஏறிக்கொண்டிருந்தது.

திரையில் 62.4.
காப்பி எடுத்து வந்து பார்த்தேன், 62.4.
கறுப்பு ரொட்டியை மென்றுகொண்டே பார்த்தேன்,
62.4.

இருபத்தாறு வருடமாக
இந்தக் கோடுகளோடுதான் குடித்தனம்.
உயிருள்ள கோடு நடுங்கும்.
பம்பு இருமினால் அதுவும் இருமும்.
காற்றடித்தால்கூட ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே.
இதுவோ அடிமட்டம் வைத்து இழுத்தது போல
ஒன்று பத்திலிருந்து இரண்டு ஐம்பது வரை.

நேர்கோட்டில் நேர்மை இல்லை.
மட்டம் காட்ட வேண்டியது
மட்டம் போட்டுவிட்டது.
கோளத்தின் அடியில் தேங்கிய சொட்டுத் தண்ணீர்
குழாய்க்குள் உறைந்து
பழைய எண்ணையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

போகட்டும், எண்பத்தெட்டில் இன்னொன்று இருக்கிறதே,
யாரையும் கேட்காமல் வால்வை மூடிவிடும் சுவிட்ச்
என்று நினைத்தேன்.
நினைத்த கணமே
வயிற்றுக்குள் பனி இறங்கியது.

பலகையில் மஞ்சள் அட்டை:
மூன்றாம் கோளம். உச்சமட்ட சுவிட்ச். துண்டிப்பு.
காரணம், பொய் அலறல். உதிரிபாகம் வர வேண்டும்.
தேதி, அக்டோபர் ஒன்பது.
காலம், தற்காலிகம்.
கையெழுத்து, ஹில்க்கா மத்திலைனன்.

என் பெயர்.
அன்று ஒரே இரவில் ஐந்து முறை அலறியது, ஐந்தும் பொய்.
ஆறாவதற்குப் பொறுமை இல்லை எனக்கு.
முடிவுத் தேதிக்கு அட்டையில் ஒரு கட்டம் உண்டு,
அதைக் காலியாகவே விட்டேன்.
பதினான்கு வாரம், ஷிப்டுக்கு ஷிப்ட்
வானிலை வாசிப்பது போல வாசித்துக் கைமாற்றினோம்.
யாருக்கும் காதில் விழவில்லை,
வாசித்த எனக்கும்.

ஏற்றத்தை நிறுத்தினேன்.
பம்பின் முனகல் அடங்கியதும்
அறை சட்டென்று பெரிதானது.

தௌனோ ஏணியில் ஏறப் போனான்.
தொண்ணூற்றிரண்டு படி, ஒவ்வொன்றிலும் பனிக்கட்டி.
கேமராவில் அவன் நெற்றிவிளக்கு
மெல்ல மெல்ல மேலே நகர்ந்தது.
தண்டவாளத்துக்கு அப்பால்
மழலையர் பள்ளியின் வாசல் விளக்கு
வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது.
எத்தனையோ இரவு அதைப் பார்த்திருக்கிறேன்.
தூரத்தை மீட்டரில் கணக்கிட்டது அன்றுதான்.

ரேடியோவில் மூச்சிரைப்பு. பிறகு,
"மிதவை முள் எழுபத்து நாலு."

காலையில் லிண்ட்ரூஸ் வந்தார்.
கெட்டவர் அல்ல. தூங்காதவர், அவ்வளவுதான்.
நான்கு மணி நேரம் ரயில் நின்றதற்கு
ஹெல்சிங்கியில் யாரோ அவரிடம் கேட்டிருந்தார்கள்.
"எழுபத்து நாலுதானே, ஹில்க்கா?
எண்பத்தைந்து வரை இடம் இருந்ததே?"

இந்தத் "தானே"க்கு என்ன பதில் சொல்வது?
நடக்காததற்குச் சாட்சி கிடையாது.
உடையாத சன்னலுக்கு யாரும் ரசீது தருவதில்லை.
படிவத்தில் "என்ன நடந்தது?" என்று ஒரு கட்டம்,
"ஏற்றம் நிறுத்தப்பட்டது" என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து,
அக்டோபர் ஒன்பதையும் எழுதினேன்.
அந்த வரியை எழுதத்தான் நேரம் பிடித்தது.

உதிரிபாகத்தைத் தேடிக் கிடங்குக்குப் போனோம்.
நவம்பரிலேயே வந்திருந்தது.
மூன்றாம் தட்டில், பிரிக்காத பெட்டியில்,
எங்கள் ஆலையின் பெயரோடு.
லிண்ட்ரூஸ் பெட்டியைக் கையில் வாங்கி
எடை பார்ப்பது போல வைத்திருந்தார்.
அப்புறம் "தானே" என்று எதுவும் சொல்லவில்லை.

மதியம் இரண்டரை.
வெளிச்சம் அதற்குள் கிளம்பத் தயாராகியிருந்தது.
தௌனோ சுவிட்சைப் பூட்டினான்,
நான் சோதித்தேன்.
ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறியது.
அலறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன்.

பலகையிலிருந்து அட்டையைக் கழற்றினேன்.
அது இருந்த இடத்தில் வெளிறாத சதுரம்.
பக்கத்தில் இன்னும் நான்கு தொங்கின,
வேறு வேறு கையெழுத்தில்,
நான்கிலும் அதே சொல்.

ஷிப்ட் முடிந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது.
கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு
முதல் அட்டையை வாசிக்க ஆரம்பித்தேன்,
இந்த முறை உரக்க.